ஆலைக் கொட்டகையில் எழுந்த புகை

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ரோட்டோரப் புளியமரம் சாய்ந்த சத்தம் கேட்டது. இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடக்கும் என்று முன்பே தெரியும். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டிருந்தார்கள். ஆனால் காலையில் ஒரு பஸ் ஓடியது. அதை நம்பி என் மனைவி திருக்கோவிலூர் போயிருந்தாள்.

மணலூர்பேட்டைக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது எங்கள் வீடு. முன்பு அது வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை. தகரக் கூரையின் சூடு தாங்காமல் அதைக் கழற்றிவிட்டுக் கரும்பின் காய்ந்த இலையான சோகையை வேய்ந்தோம். மண்சுவர் எழுப்பி மெழுகினோம். சாறு காய்ச்சும் கொப்பரை உட்கார்ந்திருந்த அடுப்புக் குழியைக் கடப்பைக் கல்லால் மூடி, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். பின்பக்கத்து அடுப்பு வாயையும் உயரமான புகைபோக்கியையும் மட்டும் இடிக்க மனம் வரவில்லை. வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படுவேன்.

நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிறந்த ஒரே மகள் உள்ளே கட்டிலில் கிடந்தாள். ஏழு வயது. முறிந்த காலில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தது. தொட்டாலே அலறுவாள்.

மூன்று மணிக்குக் கிழக்கே கரும்புகை எழுந்தது. டயராக இருந்திருக்கலாம். எனக்குக் குடிசை எரிவதாகவே பட்டது. எங்கள் பின்சுவரில், கூரை வேய்ந்து மிஞ்சிய சோகைக் கட்டுகள் சாத்தியிருந்தன. ஒரு பீடித் துண்டு போதும்.

"யப்பா, நம்ம வூட்டையும் கொளுத்துவாங்களா?"

"நம்ம வூட்ட ஏம்மா கொளுத்தப் போறாங்க."

"அப்ப நீ ஏன் நடுங்கற?"

கட்டுகளைக் கொல்லையில் எறியலாம் என்றால் அங்கேயும் காய்ந்த சோகை. பழைய அடுப்புக்குள் எரித்துவிட்டால் நெருப்பு அடங்கியே இருக்கும் என்று தோன்றியது. திணித்துப் பற்றவைத்தேன்.

புகைபோக்கி குபுகுபுவென்று கக்கியது. கூடவே பொறிகளும் பறந்து கூரைமேல் விழுந்தன. தகரத்துக்குத் தோதாகக் கட்டிய புகைபோக்கி அது என்று அப்போதுதான் உறைத்தது. குழியை மூடிய கல்லின் இடுக்கு வழியே புகை உள்ளே புகுந்து மகள் இருமினாள். குடத்துத் தண்ணீரைக் கூரைமேல் வீசினேன். பாதிக்கு மேல் என் தலையிலேயே விழுந்தது. இன்றும் சோகை எரியும் வாடை வந்தால் மகள் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"எவன்டா அவன், மறியல் அன்னிக்கு வெல்லம் காச்சிக்கினு இருக்கறவன்?"

வரப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மரம் வெட்டிய கோடாரிகள் கையிலேயே இருந்தன. நான் கதவை மறித்து நின்றேன்.

முன்னால் வந்தவரை அடையாளம் தெரிந்தது. எங்கள் கூரையை வேய்ந்தவர். அண்ணாந்து பொறிகளைப் பார்த்தார். கோடாரியைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். நாலு பேராக மகளைக் கட்டிலோடு தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் மண்ணை வாரி அடுப்பு வாயை அடைத்தார்கள்.

அவர் திரும்பி வந்து என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார்.

"இன்னா சார், நாங்க கொளுத்திடுவோம்னு பயந்து நீங்களே பத்த வெச்சிக்கினீங்களா? போய்ப் புள்ள பக்கத்துல நில்லுங்க. ஏணி எங்க இருக்குது?"