பிள்ளை சாரின் காரில் காணாமல்போன அழுக்கு

1. பிள்ளையார் திரும்பினார்

காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது.

"எலே சசி, நீ நேத்து கழுவின வண்டியில பிள்ளையாரு திரும்பியிட்டாரு. ஒடனே வா."

பேசியவர் அதியன்னூர் தாணு பிள்ளை சார். கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருபத்தெட்டு வருஷப் பழைய கார்புரேட்டர் கார் ஒன்று இருந்தது. சின்ன வெள்ளைக் கார். கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் நான் வொர்க்‌ஷாப் தொடங்கிய நாள் முதல் அதற்கு நான்தான் மெக்கானிக்.

மறுநாள் காலை அந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் டெஸ்ட். போன தடவை, எண்ணெய்ப் பிசுக்கு மூடி எஞ்சின் நம்பர் தெரியவில்லை என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பியிருந்தார். அதனால்தான் முந்தின நாள் டீசல் போட்டுத் தேய்த்து, பிரஷர் பம்பால் தண்ணீர் அடித்து எஞ்சினைக் கழுவினேன். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டார்ட் செய்தபோது லேசாக நடுங்கியது. "ஈரம் காஞ்சா சரியாவும் சாரே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்படி வந்தது என் தப்பு.

2. மகசர்

போய்ப் பார்த்தால், ஸ்டார்ட் செய்து விட்டிருந்த வண்டி குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறிக்கொண்டிருந்தது. பானெட் தடதடவென்று அடித்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் பசை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் நாற்காலி போட்டு, நீளமான நோட்டில் பிள்ளை சார் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுதீங்க சாரே?"

"மகசராக்கும். சம்பவ இடத்துல கண்டதை எழுதணும். ஆறே முக்காலுக்குப் பிள்ளையாரு கிழக்கே பாத்தாரு. ஏழு பத்துக்கு வடகிழக்கு. இப்போ சரியா வடக்கு."

அவர் மனைவி பகவதியம்மா வெளியே வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். காரை ஓட்டுவது அவர்தான். பிள்ளை சாருக்கு ஓட்டத் தெரியாது. ஃபைலோடு பின் சீட்டில் உட்காருவார். வாரத்தில் இரண்டு நாள் பகவதியம்மா காஞ்சிரங்குளத்துக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"மகன் பெங்களூர்ல இருந்து சொல்லியிட்டான், மக்கா. நாளைக்கு டெஸ்ட்ல தோத்தா வண்டி இரும்புக்கடைக்காக்கும். எனக்கு வயசு அறுபத்தேழு ஆச்சாம், இனி ஓட்டண்டாமாம். பஸ்ஸேறி நான் எங்கக்காகிட்ட போய்ச்சேர முடியுமா?" என்றார்.

வண்டி உதறியதைவிட இது என்னை அதிகமாகத் தொட்டது.

3. நான் செய்த மூன்று வேலை

எஞ்சின் கழுவிய பிறகு ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, உதறினால் யாரும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். பிளக் நான்கையும் கழற்றினேன். குழியில் ஈரம் இருந்தது. ஏர் அடித்துக் காய வைத்து மாட்டினேன். உதறல் போகவில்லை.

அடுத்தது, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். உள்ளே ஈரம் நின்றால் கரண்ட் தப்பிப் போகும். துடைத்து, முற்றத்தில் காயப்போட்டிருந்த மரச்சீனிக் கிழங்கு வற்றலுக்கு நடுவில் வெயிலில் வைத்தேன். பிள்ளை சார் அதற்கு ஒரு நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். காய்ந்ததும் மாட்டினேன். வண்டி அப்படியேதான் உதறியது.

பகவதியம்மா பானெட் பக்கம் வந்து தலையைச் சாய்த்தார். "மக்கா, அங்க என்னவோ ஊதுகு."

"ஃபேன் சத்தமாக்கும் அம்மா" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

மூன்றாவதாக, வெட்கத்தோடு சொல்கிறேன், ஐடில் ஸ்க்ரூவை முறுக்கி ஆர்.பி.எம்.மை ஏற்றினேன். வேகம் கூடினால் உதறல் மறையும். மறைந்தது. ஆனால் நிற்கிற வண்டி ஏரோப்ளேன் மாதிரி இரைந்தது. வாழைத்தோப்பில் மேய்ந்த கோழிகள் சுவரேறிக் குதித்தன.

பிள்ளை சார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கோழி, ஆறு" என்று எழுதினார்.

4. விரல்

ஸ்க்ரூவைப் பழையபடி வைத்தேன். உதறல் திரும்ப வந்தது. மணி பதினொன்று.

"முப்பத்திரெண்டு வருஷம் காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு இருந்தவளாக்கும் நான்" என்றார் பகவதியம்மா. "ஒரு லைன்ல எட்டு சத்தம் கேக்கும். அதுல ஆளு பேசுத சத்தம் எதுன்னு எனக்குத் தெரியும். அங்க ஊதுகுண்ணு சொன்னா ஊதுகு."

இந்த முறை கேட்டேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். ஒரு முனையைக் காதில் வைத்தார், மறுமுனையை எஞ்சின் மேல் மெதுவாக நகர்த்தினார். கார்புரேட்டரைத் தாண்டினார். எஞ்சினுக்குக் காற்று போகும் மானிஃபோல்டுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இங்கயாக்கும்."

கையை விட்டுத் தடவினேன். மானிஃபோல்டிலிருந்து, பெடலை மிதிக்க லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நீளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் விரலை வைத்து அழுத்தினேன். அந்த நொடியே உதறல் நின்று, வண்டி பூனை மாதிரி சீராக முனகியது. விரலை எடுத்தேன். பானெட் தடதடத்தது.

"இன்னொருக்க" என்றார் பிள்ளை சார். வைத்தேன். "எடு." எடுத்தேன். பதினொரு தடவை வைத்து எடுக்கச் சொல்லி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்த வெடிப்பு பல வருஷமாக இருந்திருக்கிறது. எஞ்சின் இழுக்கும் இழுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் போய் இறுகி, ஓட்டையை அடைத்துவிட்டது. நான் பிசுக்கைக் கழுவினேன். ஓட்டை திறந்து, வேண்டாத காற்று உள்ளே போய், ஐட்லிங் கெட்டது.

இதை விளக்கியதும் பிள்ளை சார் பேனாவை மூடினார்.

"அப்போ அழுக்கு ஒரு பார்ட்ஸாக்கும்."

"பார்ட்ஸ் இல்ல சாரே..."

"வண்டி ஓட அது வேணுமா, வேண்டாமா?"

"இதுவரைக்கும்... வேணும்."

"பார்ட்ஸுதான். என் வண்டியில இருந்த பார்ட்ஸ நீ வெள்ளம் அடிச்சுக் களைஞ்சிட்டே. அது எங்க?"

கழுவிய தண்ணீர் ஓடிய வாழை மூட்டுப் பக்கம், வாழையின் அடியில், கை காட்டினேன்.

5. வாழை மூடு

அந்த மாடலுக்கு ஹோஸ் நெய்யாற்றின்கரையில் எந்தக் கடையிலும் இல்லை. களியக்காவிளைக்கு பைக்கை விட்டேன். அங்கே அதே அளவில் பூஸ்டர் ஹோஸை அடிக்கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது மணி இரண்டு.

வாசலுக்கு வெளியிலேயே காது கொடுத்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அழகாக, ஒரு நடுக்கம் இல்லாமல்.

பிள்ளை சார் முழங்கை வரை கறுப்பாக நின்றார். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் வாழை மூட்டிலிருந்து சுரண்டி எடுத்த பிசுக்கு. அதைக் குழைத்து வெடிப்பில் அப்பியிருக்கிறார். பிள்ளையாரையும் பழையபடி கிழக்கே திருப்பி வைத்துவிட்டார்.

"சொந்த அழுக்காக்கும், மக்கா. பிடிச்சிட்டு பாத்தியா? ஒனக்க ஹோஸு வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் என்னை இப்படி ஒருவரும் தோற்கடித்ததில்லை. என் ரிப்பேரைவிட அவர் ரிப்பேர் சீக்கிரமாக முடிந்திருந்தது. ஆனால் அப்படியே விட எனக்கு மனம் இல்லை.

"சாரே, இது பிரேக்குக்குப் போற ஹோஸாக்கும். இறக்கத்துல போவும்போ இந்தச் சேறு இளகி விட்டா பெடல் கல்லு மாதிரி ஆவும். ரெண்டு காலையும் வச்சு அமுக்கினாலும் வண்டி லேசுல நிக்காது."

"இத்தன வருஷம் நின்னுதே?"

அதற்குள் பகவதியம்மா முன்னால் வந்து, என் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் வைத்தார்.

"பிரேக்கு சவிட்டுதது ஆரு? நீங்களா, நானா?" என்று புருஷனிடம் கேட்டார். "நீ மாத்து, மக்கா."

இருபது நிமிஷத்தில் புது ஹோஸ் போட்டு, கிளாம்ப் இறுக்கினேன். பிள்ளை சார் பழைய ஹோஸைக் காகிதத்தில் பொதிந்து உள்ளே கொண்டுபோனார்.

6. டெஸ்ட்

மறுநாள் டெஸ்ட் மைதானத்துக்கு நானும் போனேன். இன்ஸ்பெக்டர் இளைஞர், மலையாளி. பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் படித்தார். "கொள்ளாமல்லோ, நல்ல விருத்தி உண்டு" என்று எஞ்சினின் சுத்தத்தைப் பாராட்டினார்.

"அந்தச் சுத்தந்தான் சாரே எங்களச் சதிச்சுது" என்று பிள்ளை சார் நோட்டை விரித்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கம் பொறுமையாகக் கேட்டார். கோழி வந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "வண்டி ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

பகவதியம்மா டிரைவர் சீட்டில் ஏறினார். மைதானத்தை ஒரு சுற்று வந்து, சுண்ணாம்புக் கோட்டில் முன்சக்கரம் தொட நிறுத்தினார். அங்கேயே பாஸ். அன்று மத்தியானமே காஞ்சிரங்குளம் போனார்.

7. பிறகு

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. பழைய வண்டியின் எஞ்சினைக் கழுவுவதற்கு முன்னால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் வளைத்துப் பாருங்கள். வண்டியை ஓட்டுகிறவர் ஒரு சத்தம் கேட்கிறது என்றால், உங்களுக்குக் கேட்காவிட்டாலும் அது உண்டு என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இப்போதெல்லாம் எனக்குப் பிடிபடாத வண்டி வந்தால் பகவதியம்மாவுக்குப் போன் போட்டு, போனை எஞ்சின் பக்கம் பிடிக்கிறேன். "இடது பக்கம் ஊதுகு" என்பார், இல்லையென்றால் "பெல்ட்டு கரையுகு", அதாவது அழுகிறது, என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

போன மாதம் ஒரு பழைய ஜீப். போனைப் பிடித்தேன். முன்னால், பின்னால் என்று இரண்டு தடவை சுற்றிப் பிடிக்கச் சொன்னார்.

"வண்டிய ஆஃப் பண்ணு, மக்கா" என்றார். பண்ணினேன். மறுபடியும் கேட்டார்.

"ஜீப்புக்கு ஒண்ணும் இல்ல. இழுக்குதது ஒனக்க நெஞ்சாக்கும். டாக்டரப் போய்ப் பாரு."

போனேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்துமா ஆரம்பம் என்று இன்ஹேலர் எழுதித் தந்தார்.