பார்சிப்பனியில் பொங்கிய பால்

எலக்ட்ரிக் அடுப்பின் சிவந்த சுருளில் பால் வழிந்து தீய்ந்தால் ஒரு வாடை வருமே... தொண்ணூறுகளின் அமெரிக்கா என்றால் எனக்கு அந்த வாடைதான்.

நியூ ஜெர்சியில், பார்சிப்பனி அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோன அன்று பால் காய்ச்சினேன். பொங்கியது. கூடவே ஸ்மோக் அலாரமும் அலறியது. பக்கத்து வீட்டு ஸ்டீவ் தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்து, அலாரத்துக்குக் கீழே நின்று டவலை வீசினார். பின்னாலேயே அவர் மனைவி லிண்டா.

வேண்டுமென்றேதான் பொங்கவிட்டேன், அப்போதுதான் வீடு நிலைக்கும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன்.

"நிலைக்குதா?" என்று கேட்டாள் லிண்டா, பிரிக்காத அட்டைப்பெட்டிகளைப் பார்த்தபடி.

சில மாதங்கள் முன்புதான் டல்லாஸில் பொங்கவிட்டிருந்தேன்.

ஸ்டீவ் பேஸ்பாலில் ரிலீஃப் பிட்சர். முதலில் பந்து போடுகிறவர் அடி வாங்கினால், பாதி ஆட்டத்தில் ஃபோன் போட்டு இவரைக் கூப்பிடுவார்கள். சின்ன டீம்கள்தான், சீசனுக்கு ஒரு ஊர். என் கணவரோ சாஃப்ட்வேர் கன்சல்டன்ட். எவனோ சொதப்பிய ப்ராஜெக்டைச் சரிசெய்ய இவரை ஊர் ஊராக அனுப்புவார்கள். ஃபோன் வந்தால் இரண்டு பேருக்கும் பெருமை. பெட்டி கட்டுவது நாங்கள்.

லிண்டாவுக்கு ஒரே ஆசை, தான் நட்ட தக்காளியைத் தானே பறித்துச் சாப்பிட வேண்டும். எனக்கு, மகள் ஒன்றாம் வகுப்பையாவது ஒரே ஸ்கூலில் முடிக்க வேண்டும்.

அந்த வருடம் ஸ்டீவின் தோள் போய்விட்டது. அவருக்குத் துக்கம், லிண்டாவுக்கு நிம்மதி. அதே ஊரில் கோச் வேலை கிடைத்ததும், "வா, என் கிச்சன்லயும் பொங்க வை" என்று என்னை இழுத்துப் போனாள். பொங்கியது. அலாரம் அடித்தது. ஸ்டீவ் வலிக்காத கையால் டவல் வீசினார். மறுநாளே தொட்டியில் தக்காளி நட்டாள்.

காய் பச்சையாக இருக்கும்போதே ஃபோன் வந்தது. கோச்சை டெக்சாஸ் டீமுக்கு மாற்றிவிட்டார்களாம்... லிண்டா தொட்டியைத் தூக்கிவந்து என் வாசலில் வைத்தாள். "நீயாவது சாப்பிடு."

அந்த வாரமே என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "சான் ஹோசேல ஒரு சின்ன ப்ராஜெக்ட்தான்..."

"சின்னதோ பெருசோ, ஸ்கூல் முடியாம நான் நகர மாட்டேன்."

நகர்ந்தோம். ஸ்கூல் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், அதற்குக்கூட அந்தப் பாழாய்ப்போன ப்ராஜெக்ட் பொறுக்கவில்லை. தக்காளியை யார் தின்றார்களோ.

இப்போது சான் ஹோசே பக்கம் பிளசன்டனில் சொந்த வீடு. கண்ணாடி அடுப்பு. "பொங்க விடாத, கிளாஸ் போயிடும்" என்று இவர் காவல் நிற்கிறார். மகளோ யாரும் கூப்பிடாமலே வருடத்துக்கு ஒரு ஊர் மாறுகிறாள். நேற்று ஆஸ்டினிலிருந்து ஃபோன். புது அபார்ட்மென்ட்டாம்.

"பால் காய்ச்சினியாடி?"

"அம்மா, ஐ ஒன்லி ஹேவ் ஓட் மில்க்."

ஓட்ஸை அரைத்துப் பிழிந்த பாலாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

"சரி, அதையே பொங்க விடு. பக்கத்துல ஒரு டவல் வெச்சுக்கோ."