ஓல்த்ரிக் ஒட்டிய பச்சைப் பொட்டு

செக் நாட்டின் பிர்னோ நகரில் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஓல்த்ரிக் ஷ்க்வாரில் என்றொரு மனிதர் இருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. தொழில், வெளியேற்றுவது. கணினியின் அடிமட்டத்தில் கெர்னல் என்றொரு நிர்வாகி உட்கார்ந்து எல்லா மென்பொருளுக்கும் நினைவகத்தில் பக்கம் பக்கமாக இடம் பிரித்துக் கொடுக்கிறதல்லவா, இடம் தீர்ந்ததும் அது எந்தப் பக்கத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று யோசிப்பவர் இவர்.

கெர்னலுக்கு ஜோசியம் தெரியாது. அடுத்த நிமிடம் எந்தப் பக்கம் தேவைப்படும் என்று யாரும் அதனிடம் சொல்வதுமில்லை. ஆகவே ஒரு பக்கத்தை யாராவது தொட்டால் ஓர் அடையாளம் விழும். கெர்னல் ரோந்து வரும்போது அடையாளம் இருந்தால் அதை அழித்துவிட்டு, பிழைத்துப் போ என்று விட்டுவிடும். அடுத்த ரோந்து வரை யாரும் தொடவில்லையா, வெளியே.

இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்த ஓல்த்ரிக் மூன்று வருடமாக ஒரு பேட்ச், அதாவது கெர்னலில் சேர்க்கும் திருத்தம், எழுதிக்கொண்டிருந்தார். தொள்ளாயிரம் வரி. அதை ஏற்பதும் தள்ளுவதும் நோர்வேயில் இருக்கும் ஹால்வார்ட் என்பவர் கையில். ஏழு முறை அனுப்பினார். ஏழு முறையும் ‘வேண்டாம்’ என்று ஒற்றைச் சொல் பதில். நாலாவது முறை மட்டும் அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அதை ஓல்த்ரிக் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டார்.

எட்டாவது முறை அதிசயம் நடந்தது. தேவையான பக்கங்களில் ஒன்றுகூட வெளியேறவில்லை என்று அளவீடு சொன்னது. ‘திங்கள் மாலை சேர்த்துக்கொள்கிறேன்’ என்று ஹால்வார்ட் எழுதினார். அதைத் தவறவிட்டால் இன்னும் பத்து வாரம் காத்திருக்க வேண்டும்.

யாருடைய பேட்ச் சேர்கிறதோ அவர் அலுவலகத்துக்கு க்லெபீச்கி வாங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஓல்த்ரிக் திங்கள் காலையிலேயே அறுபது வாங்கிவிட்டார். ரொட்டித் துண்டின்மேல் உருளைக்கிழங்கு சாலட், அதன்மேல் ஹாம், அதன்மேல் முட்டை. இரண்டு பெரிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கால் தரையில் படாமல் சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜில் ஒரு விரல் நுழைக்க இடமில்லை.

அந்த ஃப்ரிட்ஜும் ஓல்த்ரிக்கின் ஆட்சியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு டப்பாவிலும் பச்சைப் பொட்டு ஒட்டுவார். டப்பாவைத் திறப்பவர் பொட்டைப் பிய்த்துவிட வேண்டும். அடுத்த வெள்ளியன்றும் பொட்டு இருந்தால் டப்பா குப்பைக்கு.

பக்கத்து மேசை லிபுஷே வந்து எட்டிப் பார்த்தார்.

“ஓல்டா, உன் சட்டம் வந்து மூணு மாசம் ஆச்சு. ஒரு டப்பாவாவது வெளிய போயிருக்கா?”

“போகலன்னா எல்லாரும் சாப்பிடறாங்கன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை பாத்தா எதுலயும் பொட்டு இருக்கறதே இல்ல.”

“இந்த குலாஷ் குழம்பு செனெக் வச்சது. அவன் ஈஸ்டருக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டான். ராத்திரி சுவரேறி வந்து சாப்பிடறானா?”

ஓல்த்ரிக் குலாஷைப் பார்த்தார். குலாஷ் அவரைப் பார்த்தது.

“பொட்டை யாருப்பா பிய்க்கறது?” என்று லிபுஷே கேட்டார்.

“நான்தான். வியாழக்கிழமை ஒவ்வொண்ணா திறந்து மோந்து பாப்பேன், யாராவது சாப்பிடறாங்களான்னு. திறந்தா பிய்க்கணும்ல. சட்டம்னா எனக்கும்தான்.”

லிபுஷே ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓல்த்ரிக் சிரிக்கவில்லை. முகம் உருளைக்கிழங்கு சாலட்டின் நிறத்துக்கு வந்திருந்தது.

“லிபா, நான் அளக்கற புரோகிராம் இருக்கே.”

“அதுக்கென்ன?”

“தேவையான பக்கம் இருக்கா போச்சான்னு அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை படிச்சுப் பாக்குது.”

“படிச்சா தொட்ட மாதிரிதானே?”

“அதான்.”

ஆக, மூன்று வருட பேட்ச் எதையும் காப்பாற்றவில்லை. அளக்கும் புரோகிராமே ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுத் தொட்டுப் பிழைக்க வைத்திருக்கிறது.

“சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?” என்று லிபுஷே ஆழம் பார்த்தார்.

“குலாஷுக்குத் தெரியும்.”

போய் உட்கார்ந்து எழுதினார்: ‘என் எண்கள் பொய். பார்க்கப்போன புரோகிராமே பக்கங்களைத் தொட்டிருக்கிறது. என் பேட்ச்சைச் சேர்க்காதீர்கள்.’ அனுப்பியும் விட்டார். பேட்ச் சேராமல் க்லெபீச்கி சாப்பிடலாமா என்று சமையலறையில் சட்டப் பிரச்சினை கிளம்பியது. மூன்றாம் மாடிக்காரர்கள் தீர்ப்புக்குக் காத்திராமல் தட்டோடு வந்துவிட்டார்கள்.

ஹால்வார்டின் பதில் வந்தது: ‘அந்த அளக்கும் புரோகிராம் எங்கிருந்து கிடைத்தது?’

‘கெர்னலோடு வருவதுதான். பதினோரு வருடத்துக்கு முன் நீங்கள் எழுதியது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.’

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் பதினாலு பேர் ஓல்த்ரிக்கின் நாற்காலிக்குப் பின்னால் முட்டையை மென்றுகொண்டு நின்றோம். அதற்குள் அவர், பக்கங்களைப் படிக்கும் வரியை அளக்கும் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டு, தன் பேட்ச்சை நேர்மையாக அளந்து பார்த்தார்.

பிறகு பதில்: ‘என் புரோகிராமில் பக்கத்தைப் படிக்கும் அந்த ஒரு வரியை நீக்கி அனுப்பு. இன்று மாலையே சேர்க்கிறேன். நன்றி.’

நன்றி என்ற சொல்லை ஹால்வார்ட் எழுதி அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஐந்தே முக்காலுக்கு கெர்னலில் ஓல்த்ரிக் ஷ்க்வாரிலின் பெயர் ஏறியது. பங்களிப்பு, கழித்தல் ஒரு வரி. இரண்டு பேர் அவரைத் தூக்கப் பார்த்து முடியாமல் நாற்காலியோடு உருட்டிக்கொண்டு தாழ்வாரத்தைச் சுற்றினார்கள்.

“உன் தொள்ளாயிரம் வரி என்ன ஆச்சு?” என்று பின்னாலேயே ஓடியபடி லிபுஷே கேட்டார்.

“அளந்துட்டேன். பழைய கெர்னலை விட ரெண்டு சதவீதம் மோசம்.” வாய் நிறைய சாலட்டோடு ஓல்த்ரிக் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி சமையலறை வாசலில் நின்றது. லிபுஷே உள்ளே போய் செனெக்கின் குலாஷைக் குப்பையில் போட எடுத்தார்.

“கொடு, ஒரு தடவை திறந்து பாத்துடறேன்.”

“கைய எடு, ஓல்டா.”