ரத்தாகிப்போன வாஷிங் மிஷின்

எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பொருள் வரப்போகிறது என்றாலே பழையது பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பத்தில் யாருக்காவது போய்விடும். அப்பாவுக்கு அதில் அவசரம் அதிகம். மைன்ஸில், வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்து விழுந்ததும் வேலையைத் தொடங்கிப் பழகியவர். ஆன்லைனில் நான் போட்ட வாஷிங் மிஷின் ஆர்டர் உறுதியாகி, பில்லும் போனுக்கு வந்ததை அவர் பெர்மிட்டாகவே எடுத்துக்கொண்டார். அன்று மாலையே பழைய மிஷின், அவரோடு வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் வீட்டுக்கு மினி லாரியில் கிளம்பிவிட்டது.

மறுநாள் கடை ஆர்டரை ரத்து செய்தது. விலை தவறாகப் பதிவாகிவிட்டதாம், பணம் திரும்பி வருமாம்.

அம்மாவுக்குப் போன வருடம் மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடியிருந்தது. துணி பிழியக் கூடாது. அப்பாவின் யூனிஃபார்மோ எத்தனை தண்ணீர் மாற்றினாலும் வாளியைப் பழுப்பாக்கும்.

"வேணும்னா அவன்கிட்ட கேட்டுப் பாக்கட்டா?" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"கேட்டுட்டு அப்படியே அங்கயே இருந்துக்குங்க" என்றாள் அம்மா.

அப்பாவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து பேன்ட்டை முறுக்கினோம். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

கடைக்குப் போன் செய்தேன். "சிஸ்டம் எரர் மேடம்" என்றார்கள்.

"கரி போற கன்வேயர் பெல்ட்டு தப்பா ஓடுனா நாங்க நிலக்கரி மேலயா பழி போடுறோம்?" என்று பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

நான் வரிசைப்படுத்திப் பார்த்தேன். முழுப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். பில் போட்டிருக்கிறார்கள். பண்டிகைத் தள்ளுபடி என்று அவர்களே எழுதியிருந்ததால், விலை தவறு என்று நாங்கள் சந்தேகப்பட வழியில்லை. அவர்கள் பக்கமும் ஒன்று இருந்தது: விலை தவறானால் ரத்து செய்யலாம் என்று விதிமுறைகளில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டாயம் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்க உரிமை இருந்தது. நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன்.

விஷயம் எப்படியோ மந்தாரக்குப்பத்துக்குப் போய்விட்டது. பழைய மிஷின் போன வீட்டுக்காரம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

"அக்கா, மிஷின எடுத்துக்குங்க."

"குடுத்தது குடுத்ததுதான். அந்தப் பேச்சே எடுக்காத."

"அப்ப துணியக் குடுங்க. அங்க மிஷின் சும்மா நின்னுகினு இருக்குது, நீங்க இங்க கையால தொவைச்சிகினு இருக்கீங்க. நல்லா கீது நாயம்!"

அழுக்கு மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு போனவர், மறுநாள் மடித்த துணியோடு வந்தார். அப்படியே தொடர்ந்தது. மிஷின் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தால், இவரை அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

புகார் போனதும் கடையிலிருந்து கூப்பிட்டு, முதலில் ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். பிறகு, கூடின விலையில் சிறு தள்ளுபடி. "இன்னைக்கே ஓகே சொன்னாத்தான் மேடம்" என்றது குரல்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு வலியில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

"நமக்கு ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். அதே வாரத்தில் பழைய விலைக்கே மிஷின் வந்து இறங்கியது. அப்பா பெட்டியைப் பிரிக்கும்போதே அம்மா எனக்கு வேலை வைத்தாள்: "அந்தப் பொண்ணுக்கு போன் போடு. அவங்க வூட்டுப் போர்வை எல்லாத்தையும் எடுத்துகினு வரச் சொல்லு."