கொக்கு அம்மாவுக்கு ஒட்டிய எண்

வாயை வைத்தே பிழைத்தவருக்கு வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலை வாய்த்தால் எப்படி இருக்கும்? கைடுக்கு அப்படித்தான் ஆயிற்று. இருபத்தைந்து வருடம் ஏரிக்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பறவை காட்டிச் சம்பாதித்தவர். தெரிந்ததைக் கொஞ்சமாகவும் தெரியாததை நிறையவும் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பார். சொந்தப் பெயர் மறந்து ஊரே அவரை கைடு என்றுதான் கூப்பிட்டது.

தொற்று வந்து விமானங்கள் நின்றதும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோதும் நிலைமை மாறவில்லை. இறங்கியவுடன் பரிசோதனை, அதற்கு ஒரு கட்டணம். முடிவு வரும்வரை அரசாங்கம் சொன்ன ஓட்டலில்தான் அறை, அதற்கும் பயணியின் கைக்காசு. தொற்று என்று வந்துவிட்டாலோ பத்து நாள் அதே ஓட்டலில் சொந்தச் செலவில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் டிக்கெட்டை விட அதிகமாக வந்தது. பிறகு எவன் வருவான்? ஏரியில் பறவைகள் தங்களைத் தாங்களே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

கைடு விமான நிலையத்தில் பரிசோதனை மேசைக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஒப்பந்த வேலைதான். கட்டணம் வாங்கும் இடத்தில் ஒவ்வொரு பயணிக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். பயணியின் சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து, அதே எண் போட்ட ஸ்டிக்கரை உரித்துக் குழாயில் ஒட்டி நர்ஸிடம் நீட்ட வேண்டும். நர்ஸ் மூக்கில் குச்சியை விட்டு எடுத்து அந்தக் குழாயில் போடுவார். இவ்வளவுதான் வேலை. ஆனால் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு ஸ்டிக்கர் உரித்துப் பார்த்தவருக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். அதனால் கூட்டம் சேர்ந்தால் பத்து ஸ்டிக்கரை முன்கூட்டியே உரித்து, பாதுகாப்பு உடையின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒட்டி வைத்துக்கொள்வார்கள். ஆட்கள் வரிசையாக வந்தால் எண்ணும் வரிசையாகப் போய்விடும். அந்த மேசையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சீட்டைப் பார்ப்பது நாளடைவில் நின்றுபோயிற்று.

அப்படி ஒரு காலை நேரத்தில்தான் கொக்கு அம்மா வந்து நின்றார்.

தொற்றுக்கு முன் பதினெட்டு வருடம் வெளிநாட்டிலிருந்து தவறாமல் வந்து ஏரிப் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு போனவர். எழுபது தாண்டிய ஒல்லியான உடம்பு, நீளக் கழுத்து. அந்தப் பெயரை வைத்தவள் கைடின் மனைவி. தமிழ் பழகி அர்த்தம் தெரிந்தபின் கொக்கு அம்மாவே அந்தப் பெயரில்தான் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். கைடுக்கு வேலை இல்லாத இரண்டு வருடத்தில், கேட்காமலே மூன்று தடவை பணம் அனுப்பியவர். இந்தத் தடவை பரிசோதனை, ஓட்டல் செலவுக்காகத் தன் பழைய காரை விற்றுவிட்டு இரண்டே வாரத்துக்கு வந்திருந்தார். அடுத்த வருடம் மூட்டு இடம் கொடுக்காது என்று எழுதியிருந்தார்.

அவரைப் பார்த்ததும் கைடுக்குத் தலைகால் புரியவில்லை. கொக்கு அம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரே ஓர் இளைஞன்தான், இருமிக்கொண்டு நின்றான். வயதானவர் நிற்கிறாரே என்று அவனிடம் சொல்லிவிட்டு கைடு கொக்கு அம்மாவை முதலில் கூப்பிட்டார். அவர் முகக்கவசத்தை இறக்கிச் சிரித்து, கைடின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கைடு ஏரியில் தண்ணீர் எவ்வளவு, நாரை எத்தனை என்று அளந்துகொண்டே கையிலிருந்து அடுத்த ஸ்டிக்கரை எடுத்துக் குழாயில் ஒட்டினார். பிறகு இளைஞனுக்கு அதற்கடுத்தது.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. முப்பத்திரண்டாம் எண்ணுக்குத் தொற்று என்று நர்ஸ் வாசித்தார். பட்டியலில் முப்பத்திரண்டு, கொக்கு அம்மா.

கைடு முந்தின நாள் காலையை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இளைஞன் முப்பத்தொன்று, அவனுக்கு முந்தித்தான் கொக்கு அம்மாவைக் கூப்பிட்டோம். அப்படியானால் முப்பத்தொன்றாம் ஸ்டிக்கர் யாருடைய குழாயில் போயிற்று? ஒருவேளை அன்றைக்குச் சரியாகப் பார்த்துத்தான் ஒட்டினோமோ என்று தன்னைத்தானே ஏமாற்றிப் பார்த்தார். மனசு மசியவில்லை. அதற்குள் இளைஞன் தொற்று இல்லை என்ற முடிவோடு ஓட்டலைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிப் போயிருந்தான். அவன் இருமல் எத்தனை பேர் வீட்டுக்குள் போயிற்று என்பது இன்றுவரை கைடுக்குத் தெரியாது.

அப்போதே நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுபரிசோதனை செய்து இரண்டு நாளில் கொக்கு அம்மாவை விட்டிருப்பார்கள். ஆனால் முந்தின மாதம்தான் இதே மாதிரி எண்ணை மாற்றி ஒட்டிய ஒருவரை நின்ற நிற்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கைடின் வீட்டில் சம்பாதிக்கிற கை இப்போது இது ஒன்றுதான். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தார். நாளைக்கு வந்தபோது அதற்கும் ஒரு நாளைக்கு இருந்தது.

கொக்கு அம்மாவோ அடைபட்ட அறையிலிருந்து தினமும் போன் செய்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கைடுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, மனைவிக்குத் தொண்டை வலி உண்டா என்றுதான் விசாரிப்பு. தொற்றோடு வந்து கையைப் பிடித்துவிட்டேனே என்று அவர் குரல் உடையும்போது கைடுக்குச் செத்துவிடலாம் போல இருக்கும். ஒண்ணுமில்லைம்மா, நல்லா இருக்கோம் என்பார். அது ஒன்றுதான் அவர் சொன்ன உண்மை.

நான்காம் நாள் மனைவியிடம் கொட்டிவிட்டார். வேலை போய்விடுமே என்று முதலில் பயந்தது அவள்தான். மறுநாள் காலையில் கொக்கு அம்மாவுக்கென்று அடுக்கில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்.

"சோத்தைக் குடுக்குற கையோட உண்மையையும் குடுத்துட்டு வாங்க. வேலை போனா போகட்டும், கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம்."

கைடு சோற்றை மட்டும் ஓட்டல் வரவேற்பறையில் வைத்துவிட்டு வந்தார். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது மூன்றாம் மாடி ஜன்னலில் கொக்கு அம்மா பைனாகுலரோடு நின்றிருந்தார். கீழே கைடைக் கண்டதும் கையை ஆட்டினார். எதிர்க் கட்டடத்துப் புறாக்களை எண்ணிக்கொண்டிருந்தாராம், பிறகு போனில் சொன்னார். நாற்பத்தொன்று.

பத்து நாள் போயிற்று. கடைசிப் பரிசோதனைக்கும் கொக்கு அம்மாவே பணம் கட்டினார். அதன் முடிவு வரவும் பயணநாள் வரவும் சரியாக இருந்தது. ஏரிக்குப் போக நேரமும் இல்லை, கையில் காசும் இல்லை. கார் விற்ற பணம் முழுக்க ஒரு ஜன்னலுக்குப் போயிற்று.

புறப்படும் நாள் கைடு வேலைக்கு நடுவில் வழியனுப்ப ஓடினார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் போனார். வழியெல்லாம் வார்த்தையைக்கூடக் கோத்து வைத்திருந்தார். கொக்கு அம்மா இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. நான்கு எட்டுத் தள்ளியே நின்றார்.

"தம்பி, நான் தப்பு பண்ணிட்டேன். நோயோட வந்து உன்னைத் தொட்டேன். உன் வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா? பத்து நாளா எனக்குத் தூக்கம் இல்லை."

"அம்மா, அது வந்து..."

"நீ நல்லவன். பரவாயில்லைனுதான் சொல்வே. எனக்கு அது வேணாம். மன்னிச்சிட்டேன்னு சொல்லு. அதைக் கேட்டுட்டுப் போறேன்."

பரிசோதனை மேசையின் நர்ஸ் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார். ஊரையே பேசிச் சிரிக்க வைத்த வாய் ஒட்டிக்கொண்டது. கொக்கு அம்மாவின் கண்கள் கைடின் முகத்தை விட்டு அகலவில்லை.

"மன்னிச்சிட்டேம்மா," என்றார் கைடு.

கொக்கு அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. வந்த நாளில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துவிட்டு, பையை இழுத்துக்கொண்டு நடந்தார். புறப்பாட்டு வரிசையில் முன்னால் ஏழு பேர் நின்றார்கள். அவரை யாரும் முந்திக் கூப்பிடவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று, தன் முறை வந்த பிறகே உள்ளே போனார்.