தீரா கொண்டுவந்த தடி

தீரா லுண்ட்மார்க் எங்கள் ஊருக்குக் குடிவந்து மூன்று குளிர்காலம் ஆகியும், அவள் வீட்டுச் சமையலறைச் சுவரின் நிறம் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விரோதம் ஒன்றுமில்லை. தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலந்துக்காரர்கள் நாங்கள்; அழைக்காத வீட்டுக்குப் போகமாட்டோம். அவளோ, புதிதாக வந்தவள் தானாக எப்படி அழைப்பது என்று தயங்கினாள். வழியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான்.

நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவள். ஏறுகிறவர்கள் எல்லாரும் வணக்கம் சொல்லிப் பழகிய காதுக்கு எங்கள் காட்டின் அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டாள். அதே வாரம் என் கதவைத் தட்டினாள்.

கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு தடி. பிர்ச் மரம், எட்டுப் பட்டை. ஒரு முனையில் இரும்பு வளையம், மறுமுனையில் இரும்புக் கூர். உடம்பெல்லாம் பூ வேலை, நடுநடுவே அம்பு, ஏணி என்று சின்னச் சின்னக் கோடுகள்.

“பரணைக் காலி பண்ணும்போது கிடைச்சுது. ஏலக்கடைக்காரர் கம்பளம் தட்டுற கோல்னு சொல்றார். அதுக்கு எதுக்குங்க இவ்வளவு பூ வேலை? என்னன்னு தெரியாம விட்டுட்டுப் போக மனசு வரல.”

காளை மாட்டைக் கட்டும் முளை என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரியாத விஷயங்களில்தான் எனக்கு உறுதி அதிகம். வாசலில் நின்று முடிகிற பேச்சாக இல்லாததால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். பிறகு அடுத்த வீட்டு ஒசியானிடம் அனுப்பினேன். வருடத்துக்கு இரண்டு முறை வாய் திறக்கிற அந்த மனிதர், ஏரியில் பனிக்கட்டி இழுக்கிற கருவி என்று சொல்லி, அவரும் காபி கொடுத்தார். இப்படி வீட்டுக்கு ஒரு விளக்கமும் ஒரு இலவங்கப்பட்டை ரொட்டியுமாக ஊரைச் சுற்றிவந்தாள்.

ஒருவர் வீட்டில் சாப்பிட்டால், அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது மழை வெயில் பேசுவதற்கு முன் ‘போன தடவைக்கு நன்றி’ என்று சொல்லவேண்டும். சொல்லாதவர்களை வளர்த்த விதம் சரியில்லை என்று பேசுவோம். கடையில் தீரா எங்கள் ஒவ்வொருவரிடமும் முறையாகச் சொன்னாள். அவளிடம் அப்படிச் சொல்லத்தான் எங்களுக்கு வழியில்லை. அவள் வீட்டுக் காபியை யாரும் குடித்ததில்லையே.

கடைசி வீடு சிக்ஸ்தேனுடையது. பன்றி வளர்க்கிறவர், நல்ல வாய்க்காரர். அவர் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொட்டகையிலிருந்து ஒரு பழைய வைக்கோல்வாரியை எடுத்துவந்தார். அதன் பிடியிலும் அதே அம்பு. அது அவர்கள் வீட்டுக் குறி. என் தானியக் கொட்டகைக் கதவிலும் ஒரு குறி இருந்தது. தடியில் ஒன்பது குறிகள், ஊரில் ஒன்பது வீடுகள். ஏணிக் குறியைத் தேடிப் போனோம். தீராவின் நிலைக்கதவுக்கு மேல், சிவப்புச் சாயத்துக்கு அடியில் அது இருந்தது.

சின்ன வயதில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தொலைபேசி இல்லாத காலத்தில் ஊரைக் கூட்ட வீடு வீடாக அனுப்பிய சேதித் தடி அது. ஆள் இல்லாத வீட்டில் அதன் கூர்முனையைக் கதவில் குத்திவிட்டுப் போவார்கள். கையில் வந்த தடியை உடனே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். எந்த வீட்டில் தங்குகிறதோ, அந்த வீடு ஊருக்கே பீர் வாங்கித் தரவேண்டும்.

சிக்ஸ்தேன் சிரித்தார். “தடியை எல்லா வீட்டுக்கும் சரியா கொண்டு போயிட்டீங்க. சேதி என்னன்னுதான் சொல்லல.”

“சேதியா? நான் போறேங்கிறதுதான்,” என்றாள் தீரா. பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜனவரியில் பெரும் புயல் ஒன்று வந்தது. காடு படுத்துவிட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். கூரையைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரம் கிடந்தது. கோட்டைப் போட்டபடி சமையலறையில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சுவர் மஞ்சள் நிறம்.

“இனிமே இதை வாங்கவும் ஆள் வராது. வழி திறந்ததும் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்.”

ஆணியில் தொங்கிய தடியை எடுத்தேன்.

“எங்க கொண்டு போறீங்க?”

“இதுக்கு வேலை வந்திருக்கு,” என்றேன்.

ஒசியானிடம் கொடுத்து, தீரா வீட்டுக் கூரை, நாளைக் காலை என்றேன். பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு அவர் பூட்ஸ் மாட்டினார். விடிந்ததும் ரம்பமும் தார்ப்பாயும் ஏணியுமாக எட்டு வீடும் வந்து நின்றன. ஒசியான் நாள் முழுக்கக் கூரையிலிருந்து இறங்கவில்லை. எங்கள் பக்கம் பட்டாணி சூப் வியாழக்கிழமைச் சாப்பாடு. அன்று வியாழக்கிழமைகூட இல்லை, ஆனாலும் விறகடுப்பில் பட்டாணி சூப் வைத்தாள் தீரா. அந்த மஞ்சள் சமையலறையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். எல்லா வீட்டையும் சுற்றிவந்த தடி மறுபடி ஆணிக்குப் போனது.

வழி திறந்து கடையும் திறந்த அன்று பால் வாங்க வரிசையில் நின்றோம். தீரா உள்ளே வந்ததும் முன்னால் நின்ற ஒசியான் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார்.

“போன தடவைக்கு நன்றி, தீரா.”

பின்னால் சிக்ஸ்தேன் சொன்னார், அவர் மனைவி சொன்னாள், நான் சொன்னேன், வரிசை முழுக்கச் சொன்னது. தீரா வெறும் கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றே பலகையைப் பிடுங்கப் பார்த்தாள். மண் உறைந்திருந்ததால் கம்பம் அசையவில்லை. பலகையை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, அந்தக் கம்பத்திலேயே தபால்பெட்டியை மாட்டினாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தடியைப் பரணில் போட்டு மறந்துபோன ஆள் யாரோ தெரியாது. விதிப்படி அவர் எங்களுக்கெல்லாம் பீர் வாங்கித் தரவேண்டியவர். என் பங்கை நான் மனதார விட்டுக்கொடுத்துவிட்டேன்.