சித்திரையில் நட்ட மூங்கில்

பேருந்து, காட்டுப்பன்றி, இரண்டு முழங்கால்கள் என்று இந்த மலையில் எனக்கு நான்கு கவலைகள் இருந்தன. ஐந்தாவதைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். நாங்கள் சாமை காயவைக்கும் சிமெண்ட் களத்துக்குத் தெற்கே அவருடைய ஓட்டு வீடு இருந்தது. அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போவதாகச் சொன்னார்.

“கட்டுப்பா. ஆனா மார்கழியில என் களத்துல வெயிலே விழாது” என்றேன்.

அறுத்து அடித்த சாமை எங்களுக்குக் காய்வது மார்கழியில்தான். காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். வருடம் முழுவதும் நானும் மனைவியும் சாப்பிடுவது அதைத்தான்.

அப்போது சித்திரை. அவர் வாதாடவில்லை. மாடியின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை நட்டு, உச்சி வெயிலில் தெருவையே கூட்டிவிட்டார். மூங்கிலுக்கு நிழலே இல்லை.

“எங்க சார் நெயலு? நீங்களே அளந்து சொல்லுங்க.”

பதினோரு பேர் சிரித்தார்கள். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். சித்திரையில் சூரியன் நமக்கு நேர் மேலே வருகிறது, பூமி சாய்ந்தபடியே சுற்றிவருவதால் மார்கழியில் நாம் இருக்கும் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும், வெயில் தெற்கிலிருந்து சரிந்து விழும், நிழல் வடக்கே நீளும், காலங்கள் மாறுவதே இதனால்தான் என்று விளக்கினேன்.

“குளுருல சூரியன் தூரமா போய்டுது. அவ்ளோதான சார்?”

“இல்லப்பா. மார்கழியிலதான் பூமி சூரியனுக்குக் கிட்ட இருக்குது.”

“கிட்ட இருந்தா இன்னாத்துக்குக் குளுருது?”

“சாய்மானம்.”

“பூமி சாஞ்சிருந்தா என் வூடு ஏன் சாயல?”

பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஐப்பசிக்குள் மாடி எழுந்துவிட்டது.

கார்த்திகையில் நிழல் களத்தின் ஓரத்தைத் தொட்டது. மார்கழியில் களம் முழுவதையும் மூடியது. சாமையை அள்ளிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, லேசாகப் பூசண வாடையும் அடித்தது. நான் சொன்னது அப்படியே நடந்திருந்தது. சொல்லிக் காட்ட ஆள் தேடினேன்.

பக்கத்து வீட்டுக்காரரே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா சார், பொழுது அந்தாண்ட நகந்துட்ச்சி போலகுது! மேல கொண்ணாந்து கொட்டுங்க. இங்க நல்லா காயுது.”

சூரியன் நகரவில்லை என்று ஆரம்பித்தேன். மனைவி அதற்குள் ஒரு மூட்டையின் முனையைப் பிடித்திருந்தாள்.

“எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. அந்தப் பக்கம் புடிங்க.”

மூன்று மூட்டைகள், பதினெட்டுப் படிகள், கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. மேலே வெயில் நன்றாகத்தான் இருந்தது.